கேட்டார்கள், நிறுத்தினேன்

கண்டக்டர் அண்ணாச்சி எங்கள் வழித்தடத்தில் ஓடிய காலத்தில், திருநெல்வேலியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் பாபநாசம் போய்ச் சேர வேண்டிய பஸ் இரண்டே கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும். வண்டியில் கோளாறு கிடையாது. டிரைவரும் கெட்டிக்காரர்தான். யார் எந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாலும் அண்ணாச்சி விசில் கொடுத்துவிடுவார். அவ்வளவுதான் காரணம்.

பீடி இலைக் கட்டோடு வருகிற அம்மா தன் வீட்டு வாசலிலேயே இறங்க வேண்டும் என்றால் நிறுத்துவார். ஜன்னல் வழியாக யாருடைய துண்டாவது பறந்துவிட்டால் நிறுத்துவார். ஒரு தடவை ஒரு பெரியவரின் கூடையிலிருந்து கோழி தப்பி, ஜன்னல் வழியாக வயலில் குதித்துவிட்டது. பெரியவர் "ஐயோ" என்று மட்டும்தான் சொன்னார். அண்ணாச்சி அதையே நிறுத்தச் சொன்னதாக எடுத்துக்கொண்டு விசில் அடித்தார். பாதி பஸ் வயலுக்குள் இறங்கி விரட்டியது. கடைசியில் டிரைவர்தான் கோழியைப் பிடித்தார். பிடித்து, முழங்கால் வரை சேற்றோடு வந்து சீட்டில் உட்கார்ந்து சொன்னார்:

"அண்ணாச்சி, நான் பிரேக்குல இருந்து கால எடுத்து நாலு நாளாச்சு வே. வீட்ல படுத்துக் கிடக்கும்போதும் கால் தானா அமுக்குது. பொண்டாட்டிய மிதிச்சிட்டேன். ஏசுதா."

"அவ எடுன்னு சொன்னாளா இல்லியா?"

"சொன்னா."

"அப்ப எடுத்துரும். சொன்னா கேக்கணும்லா."

டெப்போவிலிருந்து விளக்கம் கேட்டு அவருக்கு அடிக்கடி மெமோ வரும். அதற்கு அவர் எழுதுகிற பதில் எப்போதும் ஒன்றுதான்: "கேட்டார்கள், நிறுத்தினேன்." இரண்டே வார்த்தை. கீழே கையெழுத்து. இதே பதிலை எத்தனையோ முறை எழுதியதில் எழுத்து அச்சடித்த மாதிரி வந்துவிட்டது என்று பெருமையாகச் சொல்வார்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் வந்தது, நான் நிறுத்தச் சொல்லாத ஆள் என்பதால். எங்கள் ஊருக்கு வாய்க்கால் பாலத்தில் இறங்க வேண்டும். அங்கே யாராவது இறங்கினால் நானும் இறங்குவேன். யாரும் இறங்காவிட்டால் அடுத்த ஊர் வரை போய், யாரோ ஒருவர் பின்னால் இறங்கி, திரும்பி நடந்து வருவேன். அத்தனை பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி பஸ்ஸுக்குள் சத்தம் கொடுப்பது எனக்கு ஆகாத காரியம். கல்யாண வீட்டுப் பந்தியில் என் இலைக்குச் சோறு வராமல் போனால், சாப்பிட்ட மாதிரி இலையை மடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். அப்படி ஒரு பிறவி.

ஒரு மாதம் கவனித்திருக்கிறார். பிறகு ஒரு நாள் வாய்க்கால் பாலம் தாண்டியதும் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"உமக்கு வாய் இல்லியா வே?"

"இருக்கு அண்ணாச்சி."

"அது சோத்துக்கு மட்டுந்தானா?"

மறுநாளிலிருந்து பாலம் வரும்போது அவரே என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையைக் குனிவேன். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு விசில் அடிப்பார். அவர் ஓய்வு பெறும் வரை இப்படித்தான் நான் என் ஊரில் இறங்கினேன். அவர் போன பிறகு பழையபடி அடுத்த ஊரிலிருந்து நடக்க ஆரம்பித்தேன்.

பிறகு நான் அவரைப் பார்த்தது கோர்ட் வாசலில்.

நான் வாழைத்தார் மண்டியில் சுமை தூக்குகிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து தோளில் தார்தான். மண்டிக்குப் பின்னால், தார்களைப் பழுக்க வைக்கிற அறை ஒன்று உண்டு. கதவைச் சாத்தினால் காற்றுகூடப் போகாது. என் நாற்பத்திரண்டாவது வயதில் ஒரு மத்தியானம், முதலாளியின் மச்சான் அந்த அறைக்குள் வைத்து என்னிடம் தகாத வேலை செய்துவிட்டான். என்ன செய்தான் என்பதைக் கோர்ட்டில் முழுதாகச் சொல்லிவிட்டேன். இங்கே மறுபடியும் சொல்லப் போவதில்லை. வேண்டாம், வேண்டாம் என்று எத்தனையோ முறை சொன்னேன், அவன் நிறுத்தவில்லை என்பது மட்டும் இந்தக் கதைக்குப் போதும்.

மறுநாளே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வாசலில் இருந்த ஏட்டையா "என்னவே?" என்று கேட்டார். என் வாயில் வந்தது, "ரேஷன் கார்டு தொலைஞ்சு போச்சு ஐயா." ரேஷன் கார்டு என் சட்டைப் பையிலேயே இருந்தது. அவர் எழுதி வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். நான்கு நாள் கழித்து மனதைத் திடப்படுத்திக்கொண்டு மறுபடி போனேன். மறுபடியும் ரேஷன் கார்டுதான் தொலைந்தது. மூன்றாவது தடவை அவரே முந்திக்கொண்டார்:

"ஏன்வே, பத்து நாள்ல மூணு கார்டு. கார்ட வச்சு விசிறுதீரா என்ன?"

துணி துவைக்கும்போது என் சட்டைப் பையில் மூன்று ரசீதையும் ஒரு ரேஷன் கார்டையும் சேர்த்துப் பார்த்த என் வீட்டுக்காரி, முதலில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவள் மூன்று ரசீதையும் அடுக்கி மடித்தாள். பிறகு, "கோர்ட்டு வாசல்ல இலவச சட்ட உதவின்னு போர்டு இருக்கு. அங்கன போங்க. ரேஷன் கார்ட நான் வச்சுக்கிடுதேன்," என்றாள்.

போர்டுக்குக் கீழே, சட்டையில் தன்னார்வலர் என்று அட்டை குத்திக்கொண்டு நின்றவர் கண்டக்டர் அண்ணாச்சி. முப்பது வருடம் நின்றே பழகியவர், நாற்காலி இருந்தும் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்தேன்.

"வாய்க்கால் பாலம்லா நீரு?" என்றார்.

உள்ளே ஒரு அறை இருந்தது. நாற்காலி, தண்ணீர், சுவரில் பூப்படம். அது இப்படிப்பட்ட புகாரோடு வருகிற பெண்களும் பிள்ளைகளும் உட்கார. என்னைப் போன்ற ஆண் எங்கே உட்கார வேண்டும் என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. அண்ணாச்சி என்னை உள்ளே கூட்டி வருவதைப் பார்த்து, அந்த அறையில் காத்திருந்த ஒரு அம்மா இடம்விட எழுந்தார். இவர் "இல்லம்மா, இரிங்க" என்று கையமர்த்திவிட்டு, என்னைச் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் திட்டுக்குக் கூட்டிப் போனார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கேட்டது இதுதான்:

"டிக்கெட் எதுவரைக்கும் வே?"

எனக்கு விளங்கவில்லை.

"இன்னைக்கு எதுவரைக்கும் சொல்லணும்னு தோணுதோ அதுவரைக்கும் சொல்லும். போதும்னா போதும்னு சொல்லும். இறக்கி விட்டுருவேன். மிச்சத்துக்கு நாளைக்கு ஏறிக்கிடலாம்."

அன்றைக்கு என் பெயர், ஊர், மண்டி, அந்த அறையின் கதவு வரை சொன்னேன். கதவில் வாய் நின்றுவிட்டது. அவர் எழுந்து வேட்டியைத் தட்டினார். "நல்ல ஸ்டாப்பு. வாரும், டீ குடிப்போம்."

இப்படி நான்கு நாள் போனேன். நான்காம் நாள் கடைசி ஸ்டாப் வந்தது. சொல்லி முடித்ததும் அவர் பின்பக்கம் திரும்பி, வரிசையாக நின்ற சைக்கிள்களின் மணிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏழெட்டு சைக்கிளைத் துடைத்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

ஸ்டேஷனுக்கு இருவரும் போனோம். ஏட்டையா என்னைப் பார்த்ததும், "கார்டா?" என்றார். அண்ணாச்சி விஷயத்தைச் சொன்னார். ஏட்டையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம், "எலே, இங்க கேட்டியா? எருமை மாடு கணக்கா இருக்காரு, இவர..." என்று ஆரம்பித்தார். அண்ணாச்சி "நிறுத்தும் வே" என்றார். ஏட்டையா நிறுத்தவில்லை. அண்ணாச்சி சட்டைப் பைக்குள் கையை விட்டு விசிலை எடுத்து ஒரே ஊது ஊதினார்.

ஸ்டேஷனுக்குள் விசில் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். லாக்கப்பில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். வெளியே ரோட்டில் போன மினி பஸ் நின்றது. அதிலிருந்து இரண்டு பேர் இறங்கியதாகவும் பிறகு சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் உள் அறையிலிருந்து ஓடி வந்தார்.

"யார் அது விசில் அடிச்சது?"

"நான்தான் சார். நிறுத்தச் சொன்னேன், நிறுத்தல. அதான்."

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். எங்களை உள்ளே உட்கார வைத்துத் தானே எழுதிக்கொண்டார். ஏட்டையாவைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஏட்டையா தண்ணீரை என் முன்னால் வைத்து, என் காதருகே, "முதல் நாளே சொல்லியிருக்கலாம்லா வே. மூணு ரசீது வீணாப் போச்சு," என்றார். அது அவர் மன்னிப்புக் கேட்கிற விதம் என்று அண்ணாச்சி பிறகு விளக்கினார்.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு அச்சடித்த பாரம். அதை நிரப்புகிற பெண் தலையை நிமிர்த்தாமல் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தது. பெயர், வயது, ஊர். பிறகு, "கடைசியா தீட்டு வந்தது எந்தத் தேதி?"

நான் விழித்தேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதும் எனக்குக் கூச்சம். ஏதாவது ஒரு தேதியைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சித்திரை ஒன்று என்று சொல்லலாம் என்று நினைத்ததாக ஞாபகம். அதற்குள் அண்ணாச்சி கையை நீட்டினார்.

"நிறுத்தும்மா, நிறுத்து. அது இந்த ரூட்டுல வராத ஸ்டாப்பு."

அந்தப் பெண் அப்போதுதான் நிமிர்ந்து என் மீசையைப் பார்த்தது. முகம் சிவந்து, அந்த வரியை இரண்டு முறை அடித்தது. பாரம் முழுக்க இப்படி வரிகள். அந்தப் பெண் அடித்துக்கொண்டே போனது. கடைசியில் அடித்ததுதான் அதிகம், எழுதியது கொஞ்சம். வெளியே வந்ததும் அண்ணாச்சி, "பெரிய டாக்டர்கிட்ட மனு எழுதிக் குடுக்கணும் வே, ஆம்பளைக்கு ஒரு பாரம் அடிக்கச் சொல்லி," என்றார். எழுதியும் கொடுத்தார். அடித்தார்களா என்று தெரியவில்லை.

வழக்கு விசாரணைக்கு வர இரண்டு வருடம் ஆனது. அதற்குள் மண்டி வேலை போய்விட்டது. வேறு மண்டியில் சேர்ந்தேன். அங்கேயும் செய்தி எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. நான் தார் தூக்கும்போது பின்னால் யாராவது சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருப்பேன். கோர்ட்டில் நான் வாயைத் திறக்காவிட்டால் வழக்கு அப்படியே படுத்துவிடும் என்று அரசு வக்கீல் சொல்லிவிட்டார். படுத்துவிட்டால், நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும். ஊருக்கு அது போதும். எனக்கு ராத்திரி தூக்கம் போனது இதனால்தான். நடந்ததைவிட, நடந்ததைச் சொல்ல வராது என்ற பயம்.

"பழகினா வரும்," என்றார் அண்ணாச்சி. அவர் வீடு கோர்ட் இருக்கிற ஊரிலேயே. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போவேன். ஆனால் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேச விடமாட்டார். "என்ன சொல்லணும்னு நான் சொல்லிக் குடுத்தா குத்தம். கேள்வி கேட்டா எப்படி நிக்கணும்னு மட்டுந்தான் இங்கன பாடம்." ஆகவே வேறு விஷயத்தில் குறுக்கு விசாரணை செய்வது என்று முடிவானது. காலையில் என்ன சாப்பிட்டேன் என்பதுதான் வழக்கு.

முதலில் அவரே எதிர்க்கட்சி வக்கீலாக நின்றார். "நாலு இட்லி சாப்பிட்டேன்னு சொல்லுதீரு. அது பொய்தானே?" என்று கேட்டுவிட்டு உடனே, "மன்னிச்சிக்கிடும் வே, சும்மாதான் கேட்டேன்," என்றார். இரண்டு ஞாயிறு இப்படியே போனது. அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அவர் வீட்டம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கரண்டியோடு வந்தார்.

"தள்ளுங்க. முப்பத்தஞ்சு வருசமா உங்களையே குறுக்கு விசாரணை செய்யுதவ நான். தம்பி, நிமிந்து நில்லுங்க. எத்தன இட்லி?"

"நாலு அக்கா."

"நாலா? சாம்பாரா, சட்னியா?"

"சட்னி."

"என்ன சட்னி?"

"தேங்கா."

"போன வாரம் தக்காளின்னு சொன்னியளே! அப்ப போன வாரம் பொய்யா, இந்த வாரம் பொய்யா? தட்டுல ஒம்பது இட்லி வச்சேன்னு உங்க வீட்டுக்காரி சொன்னா. மிச்சம் அஞ்ச யாரு தின்னா? நாயா? உங்க வீட்ல நாய் உண்டா?"

"இல்ல."

"அப்ப நீங்கதான் தின்னிய!"

அன்று முடியும்போது பதினோரு இட்லி தின்றதாக ஒப்புக்கொண்டேன். உண்மையில் நான் அன்றைக்குப் பழைய சோறு சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தேன். இட்லி என்று முதலில் சொன்னது அண்ணாச்சிதான். அதை மறுப்பது மரியாதை இல்லை என்று விட்டிருந்தேன்.

அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன்வே, இட்லிக்கே இப்படியா? அவ விரட்டும்போது, கொஞ்சம் நிறுத்துங்கன்னு ஒரு வார்த்த சொல்லலாம்லா?"

"வரல அண்ணாச்சி."

அவர் உள்ளே போய்ப் பூக்கட்டுகிற நூலை எடுத்து வந்தார். ஒரு முனையை என் சுண்டு விரலில் மாட்டினார், மறு முனையைத் தன் சுண்டு விரலில் மாட்டிக்கொண்டார். "பழைய பஸ்ல மணிக்கயிறு இருக்கும். இழுத்தா டிரைவருக்குக் கேக்கும். முடியலன்னா இத இழும். நான் எழுந்திரிச்சு, நிறுத்துங்கன்னு கேட்டுக்கிடுதேன்." வீட்டம்மா மறுபடி இட்லியை ஆரம்பித்தார். ஆறாவது இட்லியில் இழுத்தேன். அண்ணாச்சி எழுந்து நின்று, "வண்டி நிக்கணும்!" என்றார். வீட்டம்மா நிறுத்தினார். அவ்வளவு சுலபமாக ஒரு விஷயம் நிற்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சாட்சி நாள் வந்தது. மாஜிஸ்ட்ரேட் ஒரு அம்மா. சம்பந்தமில்லாதவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னார். அண்ணாச்சி மனு கொடுத்துக் கேட்டிருந்ததால், துணைக்கு அவரை மட்டும் இருக்க அனுமதித்தார். கூண்டுக்குப் பக்கத்தில் சுவரோரமாக ஒரு பெஞ்சு. அண்ணாச்சி முந்தின நாள் முழுக்க இன்னொருவருக்குத் துணையாக ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்துவிட்டு வந்திருந்தார். முகம் வாடி இருந்தது. இருந்தாலும் நூலை மறக்கவில்லை. கூண்டின் கம்பிக்குள் விட்டு என் விரலில் மாட்டினார். மாஜிஸ்ட்ரேட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அது என்ன நூல்?"

"மணிக்கயிறும்மா," என்றார் அண்ணாச்சி.

அந்த அம்மா இன்னும் ஏதோ கேட்க நினைத்து, வேண்டாம் என்று விட்ட மாதிரி இருந்தது.

அரசு வக்கீல் கேட்டபோது பைய ஒவ்வொரு ஸ்டாப்பாக வந்தேன். கதவு வந்தது. கதவைத் தாண்டினேன். கடைசி ஸ்டாப் வரை போனேன். எதிரே நின்ற முதலாளியின் மச்சானை நான் பார்க்கவில்லை. மாஜிஸ்ட்ரேட் மேஜையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

பிறகு அவனுடைய வக்கீல் எழுந்தார். சத்தம் போடாத மனிதர். சிரித்த முகம்.

"நீங்க ஒரு நாளைக்கு எத்தனை தார் தூக்குவீங்க?"

சொன்னேன்.

"நல்ல பலம். என் கட்சிக்காரரைப் பாருங்க, ஒல்லி. இவரைத் தள்ளிவிட உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

நான் மறுபடி பேனாவைப் பார்த்தேன்.

"தள்ளலையே. ஏன்? உங்களுக்கும் அது பிடிச்சிருந்தது, அப்படித்தானே? பிறகு ஊருக்குத் தெரிஞ்சிரும்னு பயந்து இந்தக் கேஸ். அப்படித்தானே? ஆமான்னு சொல்லிட்டா சீக்கிரம் வீட்டுக்குப் போயிரலாம்."

அப்படித்தானே, அப்படித்தானே என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பதினோரு இட்லி என் தொண்டைக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு தடவை கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். நூலை இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தேன். நூல் முழுவதும், மறுமுனைச் சுருக்கோடு, என் கைக்கு வந்து சேர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். சுவரில் தலை சாய்த்து, வாயைத் திறந்து, அண்ணாச்சி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அப்படித்தானே?" என்றார் வக்கீல்.

"நிறுத்துங்க," என்றேன்.

எனக்கே கேட்கவில்லை. மாஜிஸ்ட்ரேட் முன்னால் குனிந்து, "என்ன சொன்னீங்க?" என்றார்.

"நிறுத்துங்க!"

தார் இறக்கும்போது லாரிக்காரருக்குக் கொடுக்கிற சத்தம் அது. கோர்ட் சுவரில் போய் மோதித் திரும்பி வந்தது. அந்தச் சத்தத்தில் அண்ணாச்சிக்குத் தூக்கம் கலைந்தது. கண் திறக்கும் முன்பே அவர் கை பைக்குள் போய்விட்டது. விசிலை எடுத்து ஓங்கி ஒரு ஊது ஊதினார். ஒற்றை விசில். நிறுத்து என்று அர்த்தம்.

டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. வக்கீலின் பேனா கீழே விழுந்தது. மின்விசிறிகூட நின்றதாக எனக்கு ஞாபகம். அது கரண்ட் போனதாலும் இருக்கலாம்.

"எந்த ஸ்டாப்பு?" என்றார் அண்ணாச்சி, எழுந்து நின்று, அரைக் கண்ணில்.

மாஜிஸ்ட்ரேட் அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தலைப்பை எடுத்தபோது முகம் கண்டிப்பாக இருந்தது. "அந்த விசிலை வாங்கி வைங்க. சாட்சிக்குத் தண்ணி கொடுங்க. பத்து நிமிஷம் கழிச்சுத் தொடரலாம்," என்றார். டவாலி வந்து விசிலை வாங்கிச் சட்டப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

பத்து நிமிடம் கழித்து வக்கீல் அதே கேள்வியை மறுபடி கேட்டார். இந்தத் தடவை நான் பேனாவைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பலம் இருந்துச்சு சார். ஆனா கையும் காலும் அப்ப என் பேச்சக் கேக்கல. வாய் மட்டுந்தான் கேட்டுச்சு. வேண்டாம்னு சொன்னேன். இப்ப உங்ககிட்ட சொன்ன மாதிரிதான் சொன்னேன். நான் சொன்னதும் நீங்க நிறுத்துனீங்க. அவரு நிறுத்தல."

அவர் அடுத்த கேள்விக்காகத் தன் தாளைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு, "வேற கேள்வி இல்லை," என்று உட்கார்ந்தார். மாஜிஸ்ட்ரேட் நான் சொன்னதை ஒரு வரி விடாமல் டைப் அடிக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் டவாலி விசிலைத் திருப்பிக் கொடுத்தார். அண்ணாச்சி அதை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தூங்கிட்டேன் வே," என்றார். கண் கலங்கியிருந்தது. நான்தான் விசிலை வாங்கி அவர் பையில் போட்டேன்.

என்னை வீடு வரை கொண்டுவிட வந்தார். பாபநாசம் பஸ்ஸில் அபூர்வமாக இரண்டு பேருக்கும் சீட் கிடைத்தது. உட்கார்ந்ததுதான் தெரியும். கண் விழித்தபோது வண்டி நின்றிருந்தது. எதிரே மலை. கண்டக்டர் பையன் எங்கள் தோளைத் தட்டிக்கொண்டிருந்தான். "பெரியவரே, கடைசி ஸ்டாப்பு. இறங்குங்க."

அண்ணாச்சி துடித்துப் போய்விட்டார். "வாய்க்கால் பாலத்துல நிறுத்தலியா? நான் விசில் குடுக்கலியா? நீரு கேக்கலியா?"

"நானும் தூங்கிட்டேன் அண்ணாச்சி."

"என் சர்வீஸ்ல இப்படி ஆனதே இல்ல வே," என்று படித்துறை வரை சொல்லிக்கொண்டே வந்தார். தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அபூர்வம். திரும்பிப் போக அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. "மெமோ வந்தா என்னன்னு எழுதுவேன்?" என்று கேட்டார். "ரெண்டு பேரும் தூங்கிட்டோம்னு எழுதுங்க," என்றேன். அதற்கு அவர் சிரித்த சிரிப்பில் மீன்கள் விலகிப் போயின.

தீர்ப்பு எட்டு மாதம் கழித்து வந்தது. அவனுக்குத் தண்டனை. மேல் கோர்ட்டுக்குப் போயிருக்கிறான். அதற்குள் அண்ணாச்சியும் வீட்டம்மாவும் கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். போன் போட்டுச் சொன்னேன். அங்கேயும் சும்மா இல்லை, கோர்ட்டுப் பக்கம் ஏதோ ஒரு திட்டைக் கண்டுபிடித்துவிட்டாராம். வீட்டம்மா பின்னாலிருந்து, "இன்னைக்கு எத்தன இட்லின்னு கேளுங்க," என்றார்.

"பழைய சோறு அக்கா," என்றேன். அவர் எவ்வளவு விரட்டியும் மாற்றிச் சொல்லவில்லை.

நான் இன்றும் அதே பஸ்ஸில்தான் போய் வருகிறேன். வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் எழுந்து நின்று, "நிறுத்துங்க," என்கிறேன். எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்த்தால் பார்க்கட்டும். சில கண்டக்டர்கள் உடனே விசில் கொடுக்கிறார்கள். சிலர், "இங்கன ஸ்டாப் கிடையாது," என்கிறார்கள்.

அப்போது மறுபடியும் சொல்கிறேன்.